சின்ன ‘ல’ விழுந்த தண்டவாளம்

என் வீட்டுச் சன்னல் திட்டில் ஒரு பித்தளைப் பட்டை இருக்கிறது. ஒரு சாண் நீளம், விரல் அகலம். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும்போது அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துணியால் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இது எதுக்கு இங்கன கெடக்கு? ஆக்கர் கடையில எடைக்குப் போட்டா காசாவது கெடைக்கும்லா” என்றாள். “அது தண்டவாளம் பிள்ளே” என்றேன். நான் கேலி பேசுகிறேன் என்று சிரித்துக்கொண்டே போனாள். கேலி இல்லை. ரயில் ஓடிய தண்டவாளம்தான் அது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் அதில் புள்ளி புள்ளியாக மூன்று எழுத்துப் பொளிந்திருப்பது தெரியும். ம், மா, ல். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் மில்லில் பிட்டர் வேலை பார்த்தவர். மில்லுச் சங்கு ஊதினால் எழுந்து, ஊதினால் சாப்பிட்டு, ஊதினால் தூங்கிய மனுசன். ஆனால் அவர் காது சங்குக்கு இருந்ததைவிட ரயிலுக்குத்தான் கூர்மையாக இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு, தான் வந்த பாசஞ்சர் வண்டியை எந்த இஞ்சின் இழுத்து வந்தது என்பதைப் பற்றித்தான். “மாப்பிள்ளை பொண்ணைப் பாக்க வந்தாரா, இஞ்சினைப் பாக்க வந்தாரா?” என்று என் அம்மா அடுப்படியில் நின்று கேட்டாள். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்பாசமுத்திரம் வழியாகப் போன மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கி அகலப் பாதை போட்டபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்க அங்கேயே நின்றுவிட்டு வந்தார். துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

மில்லில் இருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு என் கொழுந்தன் மகன் துபாயில் இருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். அங்கே அவன் வேலை பார்த்த வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமானாம். முழ நீளத்தில் ஒரு பொம்மை ரயில் இஞ்சின், இரண்டு பெட்டி, கொஞ்சம் பித்தளைத் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தைச் சேர்த்தால் துளசி மாடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், அதற்கு மேல் வராது. இவருக்கு அந்த வட்டம் போதவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் நல்ல நீளம். செம்பருத்தி, எலுமிச்சை, முருங்கை என்று போய் வாய்க்கால் கரைச் சுவரில் முடியும். அத்தனையையும் சுற்றிக்கொண்டு ரயில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதில் தப்பில்லை. இப்போதும் அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

தண்டவாளத்துக்கு என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே மாதக்கணக்கு ஓடியது. வெளிநாட்டுத் தண்டவாளத்தின் விலையைப் போனில் கேட்டுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அடுத்து இரும்புப் பட்டை வாங்கி ஒரு ஓரத்தில் போட்டுப் பார்த்தார். ஐப்பசி மழை வந்தது. பட்டை துருப்பிடித்துச் செங்கல் நிறத்துக்குப் போனது. அந்த இஞ்சினுக்குக் கரண்டு தண்டவாளத்தில் இருந்துதான் ஏறவேண்டும், துருவுக்குள் கரண்டு ஓடாதாம். பிளாஸ்டிக் என்றால் கரண்டே கிடையாது, சித்திரை வெயிலில் வடகம் மாதிரி வளைந்தும் போகும். வண்ணார்பேட்டையில் சன்னல் செய்கிற கடையில் அலுமினியப் பட்டை கைக்கு அடங்கிய விலையில் கிடைத்தது. துருவும் பிடிக்காது. ஆனால் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். “இதுல ஈயம் ஒட்ட மாட்டேங்கு. ஈயம் வச்சு வயரைப் பத்த வைக்கலன்னா கரண்டு எங்கிட்டுப் போவும்?” என்று என்னிடம் கேட்டார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்கு அது என்ன தெரியும்? “அப்ப எதுலதான் செய்யணும்ங்கிய?” என்றேன். “பித்தளைதாம்ட்டி. வேற எதுவும் ஆவாது.” “பித்தளைக்கு எங்க போவிய?” என்று கேட்டேன். தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார். பல்லி எதுவும் சத்தம் கொடுத்திருக்கும் என்று நினைத்து நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

பரணில் என் அண்டா இருந்தது.

என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்ச் சேர்த்து வைத்து, என் கல்யாணத்துக்கு டவுண் தேரடிப் பக்கம் பாத்திரக் கடையில் வாங்கிய அண்டா அது. அப்போதைய கனம். வெறும் அண்டாவையே இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கவேண்டும். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர், “யார் பேரு போடணும், பொண்ணு பேரா, அப்பா பேரா?” என்று கேட்டாராம். “எம் பேரைப் போடுங்க” என்றாளாம் அம்மா. நிலப் பட்டாவில், வீட்டுத் தீர்வை ரசீதில், எதிலும் அவள் பேர் ஏறியதில்லை. எழுத்தாக அவள் பேர் இருந்தது அந்த அண்டாவின் கழுத்தில் மட்டும்தான். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு நாற்பது வயது கழிந்த பிறகு ஊரில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு வைத்தார்கள். நான் போனேன். என்னைப் போகவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சின்ன ‘ல’, குண்டு ‘ள’ என்று டீச்சர் வித்தியாசம் சொல்லிக்கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து, அண்டாவை இறக்கி வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அம்மாள் என்று முடியவேண்டிய பேர் ‘அம்மால்’ என்று முடிந்திருந்தது. பேர் வெட்டியவர் குண்டு ‘ள்’ போடவேண்டிய இடத்தில் சின்ன ‘ல்’ போட்டுவிட்டார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். “உங்கம்மா அவ்வளவு குண்டா இருந்தும் ஒரு குண்டு ‘ள’ கெடைக்கலயேட்டி!” அதற்குப் பிறகு என் அம்மாவைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் ‘அம்மால்’ என்றுதான் நீட்டிச் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு அது.

என் மகள் சென்னையில் இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு நான் போயிருந்தேன். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், “இன்னும் கொஞ்ச நாள் இரும்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து போன பிறகு அவள் என்னை அப்படி இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு மனது நிறைந்துபோயிற்று. இருந்தேன். அப்போதுதான் அவர்கள் அங்கே ஒரு பிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் பால் காய்ச்சுக்கு என் அம்மாவின் அண்டாவோடுதான் வருவேன், அதற்கப்புறம் அது உனக்கு என்று சொன்னேன். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, “சரிம்மா” என்றாள்.

திரும்பி வந்து பார்த்தால் பரண் வெறுமையாகக் கிடந்தது. “அண்டா எங்க?” என்றேன். “ஈயம் பூசக் குடுத்திருக்கேன். பால் காய்ச்சுக்குக் கொண்டு போவணும்னு சொன்னேல்லா?” என்றார். எனக்குச் சந்தோசம்தான். பின்னால் போய்ப் பார்த்தேன். செம்பருத்தியில் தொடங்கிச் சுவர் வரைக்கும் பித்தளைத் தண்டவாளம் பளபளவென்று கிடந்தது. பழைய பனங்கட்டையை அறுத்துச் சிலிப்பர் கட்டையாக்கி, அதில் பள்ளம் வெட்டி, பித்தளைப் பட்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தார். கைவேலை என்றால் அதுதான் கைவேலை. பித்தளை ஏது என்று கேட்டேன். வண்ணார்பேட்டையில் தகடு வெட்டுகிற பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி, அவர் கூட்டாளி, பழைய தகட்டைச் சகாயமாகக் கொடுத்தார் என்றார். பட்டறை அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். “ஆமா மதினி, பழசுதான்” என்று சொல்லிவிட்டு எலுமிச்சை மரத்தைப் பார்த்தார்.

ரயில் ஓடியது. தெருவே வந்து பார்த்தது. நான் சுண்டல் அவித்துக் கொடுத்தேன். ஆனால் சில நாளிலேயே இஞ்சின் தட்டித் தடுமாறி நின்றது. பித்தளை கறுத்துவிட்டால் கரண்டு பாயாதாம். “இதுக்குப் போயா முழிக்கிய?” என்று சொல்லிவிட்டு, புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வெள்ளிதோறும் விளக்குத் துலக்கிய கையோடு தண்டவாளத்தையும் துலக்குவேன். குத்துக்காலிட்டுப் பைய நகர்ந்து நகர்ந்து முழுச் சுற்றும் தேய்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “உங் கை பட்டாத்தாம்ட்டி ரயிலு ஓடுது” என்பார். ஒருநாள் புளித்தண்ணீரில் ஊறிச் சுருங்கிய என் விரல்களைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். அந்தச் சொல்லை நான் எவ்வளவு பெரிதாக வைத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இடையிடையே அண்டாவைக் கேட்பேன். ஈயம் பூசுகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார், அவருக்குக் கையில் அடி, இப்போதெல்லாம் அந்த வேலைக்கு ஆளே இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று வரும். மகள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை முருங்கை வளைவில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் பட்டையின் உள்பக்கம் எப்போதும் நிழலாக இருக்கும். நார் ஏதோ சொரசொரப்பில் தட்டியது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் விட்டதும் புள்ளிகள் தெரிந்தன. தரையோடு தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டினேன். ம். மா. ல்.

இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டேன். “இது என்ன?”

வந்து குனிந்து பார்த்தார். “எந்த அம்மாள் பாத்திரமோ. ஆக்கர் தகடுன்னா அப்படித்தான். ஊருல அம்மாள் இல்லாத பாத்திரம் உண்டா?”

“அம்மாள் இல்ல. அம்மால்” என்றேன்.

அவர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. அதற்குப் பிறகாவது மனுசன் வாய் திறந்து, செய்துவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. “நான் பொய்யா சொன்னேன்? ஈயம் பூசத்தானே கொண்டு போனேன். பாரு, ஒவ்வொரு மூட்டுலயும் ஈயம் வச்சுத்தான் பத்த வச்சிருக்கேன்” என்றார்.

நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலை மாற்றினார். “அதை வச்சு என்னட்டி செய்யப் போறே? உம் மவளுக்குத்தான வச்சிருந்தே? அவளே வேண்டாம்னுட்டா. கேட்டுப் பாரு.”

கேட்டேன். போனில் மகள், “ஆமாம்மா, அப்பா கேட்டாங்க. பிளாட்ல அத எங்க வைக்க? லிப்டுலயே ஏறாது. எடுத்துக்கோங்க, அம்மாட்ட சொல்லாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். சொன்னா நீ விட்டிருக்க மாட்டல்ல?” என்றாள். “அப்ப என்னய இன்னும் கொஞ்ச நாள் இருன்னு பிடிச்சு வச்சது?” என்றேன். “அது வந்தும்மா…” என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நான் சண்டை போடவில்லை. அழவும் இல்லை, அது என் வழக்கம் இல்லை. சோறு பொங்கினேன், குழம்பு வைத்தேன், வேட்டி துவைத்துப் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் துலக்கிவிட்டு நாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவர் நாற்காலியைப் பின்பக்கம் போட்டுக் காத்திருந்தார். நான் போகவில்லை. தண்டவாளம் கறுத்தது. ரயில் செம்பருத்தியில் நின்றது, பிறகு கிளம்பிய இடத்திலேயே நின்றது. உப்புத்தாள் வைத்து அவரே உரசிப் பார்த்தார், முட்டி வலி விடவில்லை. பால் காய்ச்சுக்கு வெறுங்கையோடு போய், வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் எவர்சில்வரில் ஒரு புது அண்டா வாங்கி, மிசினில் என் பேரைத் தப்பில்லாமல் எழுதிக் கொண்டுவந்து வைத்தார். முருங்கைக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்து வைக்க அது சரியாக இருந்தது.

பிறகு ஒருநாள் பட்டறை அண்ணாச்சி வந்து இஞ்சினுக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குள் ஒரு பேட்டரியை வைத்துக் கட்டினார். இனிமேல் கரண்டு தண்டவாளத்தில் வரவேண்டியதில்லை, பேட்டரியே இழுத்துவிடும் என்றார். கறுத்த தண்டவாளத்தின் மேல் ரயில் தன்பாட்டுக்கு ஓடியது. காப்பி கொண்டுபோன நான் நின்று பார்த்தேன்.

“கரண்டு வேண்டாம்னா, அலுமினியமே போதும் போல?” என்று கேட்டேன்.

“தாராளமாப் போதும் மதினி. மொதல்லயே பேட்டரி வச்சிருந்தா அந்தச் சன்னல் கடைப் பட்டையே…” என்று சொல்லவந்த அண்ணாச்சி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவேண்டியது கேட்டுவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி நாட்களில் நான்தான் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, தூக்கி உட்கார வைத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவரும் அண்டாப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆசைக்காகச் செய்துவிட்டார், சொல்ல வாய் வரவில்லை என்று என் மனதுக்குள் ஒரு மாதிரி முடித்து வைத்திருந்தேன். பதினாறாம் நாள் விசேசத்துக்கு வந்த பட்டறை அண்ணாச்சி, சாப்பிட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார். என்னைச் சிரிக்க வைக்கவேண்டும் என்றுதான் பேசினார், அண்ணாச்சியைக் குறை சொல்லமாட்டேன். “தகடு வெட்டுத அன்னைக்கே நான் சொன்னேன் மதினி, பேர் வெட்டின எடத்தை அரத்தால ராவி விட்டுருவோம் வேன்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘அவ எங்க வே படிக்கப் போறா? அவ எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள ரயிலு ஒரு சுத்துச் சுத்தி வந்துரும்’னாரு. என்ன குசும்பு பிடிச்ச மனுசன்!” சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அண்டாவை அறுத்ததை நான் பொறுத்திருப்பேன். பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் முதல்முதலில் கூட்டிப் படித்த பேர் அது. படித்து முடித்ததும் ஓடிப்போய்க் காட்டிய ஆள் அவர். என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பை வைத்துக்கொண்டே, இவளுக்கு என்ன படிக்கத் தெரியும் என்று அந்தப் பேரை ராவாமல் விட்டிருக்கிறார். கேட்டுச் சண்டை போடவும் ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தை மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் ஒரு பழைய பித்தளை அண்டா. என் அண்டாவில் பாதி இருக்கும். தண்ணீர் ஊற்றி, பூ மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் வைத்திருந்தாள். “எங்கெல்லாம் தேடி வாங்கினோம் தெரியுமாம்மா? இப்ப இதுதான் எல்லாரும் வைக்காங்க. ஒரிஜினல் பழசு. பேரு கூட வெட்டியிருக்கு பாரு” என்றாள். குனிந்து பார்த்தேன். யாரோ ஒரு அம்மாள். குண்டு ‘ள்’ சரியாக விழுந்திருந்தது. “என்னம்மா, நல்லா இருக்கா?” என்று கேட்டாள். “எழுத்துச் சுத்தமா இருக்கு” என்றேன். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூவைத் தள்ளி வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ரயிலை ஓட்ட ஆள் இல்லாமல் தண்டவாளத்தின் மேல் கோரை முளைத்துக் கிடந்தது. முருங்கை வளைவில் இருந்த அந்த ஒரு துண்டை மட்டும் நெம்பி எடுத்துவந்தேன். பேரின் முன்பாதி எந்த வளைவில் போயிற்றோ, தேடவில்லை. மிச்சம் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்குத் துலக்கியாயிற்று. பட்டையைத் துடைத்துச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறேன். ம். மா. ல். நான் மெதுவாகத்தான் படிப்பேன், அது உண்மை. படித்து முடிப்பதற்குள் சுற்றி வந்துவிட இப்போது ரயில்தான் இல்லை.